ஜாடியை இறுக மூடாதீர்கள்

நவம்பர் பிறந்ததும் கோட்டயம், எர்ணாகுளம் பழக்கடைகளில் கறுப்புத் திராட்சை பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து குமுளி மலை ஏறிப் போகிற பன்னீர்த் திராட்சையும் அதில் உண்டு. வருடம் முழுக்க அறுவடை நடக்கும் இடம் கம்பம் என்பதால் கிறிஸ்துமஸ் நேரத்திலும் பஞ்சமில்லை. சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் பரணிலிருந்து பீங்கான் ஜாடி இறங்குவதும் அப்போதுதான். கேக்கோடு ஒரு சின்ன கிளாஸ் ஒயின் இல்லையென்றால் அங்கே பண்டிகை பண்டிகையாக இருக்காது. பெங்களூரின் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் இதே கதைதான். திராட்சை மட்டும் ‘பெங்களூர் புளூ’.

இந்த ஆசை உங்களையும் பிடித்துக்கொண்டால் முதல் வேலை திராட்சை வாங்குவதல்ல, சட்டத்தை விசாரிப்பது. மது மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது. ஊருக்கு ஊர் விதி மாறும். குஜராத்திலோ, 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு உள்ள பீகாரிலோ இந்தப் பேச்சுக்கே இடமில்லை. டாஸ்மாக் கடைகள் நடக்கும் தமிழ்நாட்டில்கூட 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அனுமதியின்றி மது தயாரிப்பது அதன்படி குற்றம். கேரளத்திலேயே 2019 டிசம்பரில், வீட்டில் ஒயின் போடுவது அப்காரி சட்டப்படி ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று கலால் துறை எச்சரித்தது. 2022இல் அங்கே பழ ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு விதிகள் வந்தன. ஆனால் அவை உரிமம் பெற்ற ஆலைகளுக்கு. பாட்டியின் ஜாடிக்கு அல்ல. சாராய ஊறலுக்கு விரித்த வலையில் பாட்டியும் சிக்குவது அபத்தம்தான். அபத்தம் என்று வாதாடினால் ஜாமீன் கிடைக்காது என்பதும் உண்மை. கலால் அலுவலகத்திலோ வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொண்டு, ஆகாது என்றால் விட்டுவிடுங்கள்.

ஆகும் என்றால், மேலே படியுங்கள்.

வழக்கமான செய்முறை வாய்மொழியாக வருவது. ஒரு கிலோ திராட்சை, ஒரு கிலோ சர்க்கரை, இரண்டு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட். தினமும் மரக்கரண்டியால் கிளறி, 21ஆம் நாள் வடிகட்ட வேண்டும். இப்படியே செய்தாலும் ஒயின் வரும். ஏன் வந்தது என்பது மட்டும் தெரியாது. அடுத்த வருடம் கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்பதும் தெரியாது.

கணக்கு எளிது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஏறக்குறைய பாதி எடைக்கு ஆல்கஹாலும் பாதி எடைக்கு கார்பன் டை ஆக்சைடும் தருகிறது. லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீத ஆல்கஹால். கிலோவுக்கு கிலோ போடும் பழைய அளவில் 20 சதவீதத்துக்குப் போதுமான சர்க்கரை இருக்கும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் 10, 12 சதவீதத்திலேயே களைத்துப் படுத்துவிடும். மிஞ்சிய சர்க்கரை அப்படியே நிற்கும். கிறிஸ்துமஸ் ஒயின் பானகம் போல இனிப்பதன் ரகசியம் இதுதான்.

முதல் முறைக்கு என் சிபாரிசு: இரண்டு கிலோ திராட்சை, இரண்டு லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ சர்க்கரை. ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு இது போதும். குடிக்கும்போது இனிப்பு வேண்டுமானால் கிளாஸில் சேர்த்துக்கொள்ளலாம். பழத்தைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, அழுகியதைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கையால் மசியுங்கள். மிக்ஸி வேண்டாம், விதை உடைந்தால் கசக்கும். ஜாடி பீங்கானாகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலுமினியமும் பித்தளையும் புளிப்போடு சேரக் கூடாது. ஏழெட்டு லிட்டர் பிடிக்கிற ஜாடி, அதில் மூன்றில் ஒரு பங்கு காலி. அரை டீஸ்பூன் உலர் ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள்.

துணியால்தான். என் முதல் ஜாடியை ஊறுகாய் ஜாடி மாதிரி இறுக மூடி வைத்தேன். மூன்றாம் நாள் இரவு மூடி பறந்து, சமையலறைக் கூரையில் ஊதா நிறத்தில் ஒரு தேசப்படம் விழுந்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன். மேலே சொன்ன அளவில் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தால் ஏறக்குறைய 200 லிட்டர் வாயு வெளிவரும். அன்று பறந்தது மூடி. கண்ணாடி பாட்டிலாக இருந்திருந்தால் சில்லுகள் பறந்திருக்கும்.

முதல் வாரம் தோல் எல்லாம் மேலே மிதந்து கெட்டியாக நிற்கும். காலையும் மாலையும் உள்ளே அழுத்திவிடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எட்டாம் நாள் வடிகட்டி, குறுகிய கழுத்துள்ள ஜாடிக்கு மாற்றுங்கள். இனிமேல் காற்றுதான் எதிரி. காற்று பட்டால் வேறொரு நுண்ணுயிர் புகுந்து ஆல்கஹாலை வினிகராக மாற்றும். அதனால் கழுத்து வரை நிரப்பி, மூடியில் துளை போட்டு மெல்லிய குழாயைச் செருகி, இடுக்கை மெழுகால் அடைத்து, குழாயின் மறுமுனையைத் தண்ணீர் டம்ளரில் அமிழ்த்த வேண்டும். வாயு குமிழியிட்டு வெளியேறும். காற்று உள்ளே வராது.

வெயில் காலத்தில் தொடங்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் தறிகெட்டு ஓடி ஓய்ந்துவிடும்.

“விஷமாகிவிடாதா?” என்று கேட்பார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரிழந்த பிறகு அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அங்கே கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். திராட்சைச் சாறு புளிக்கும்போது மெத்தனால் மிகச் சொற்பமாகவே உண்டாகிறது. ஆளைக் கொல்லும் அளவு அதில் வராது. ஆனால் காய்ச்சி வடிக்கும் யோசனை வந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். பூஞ்சையோ அழுகல் நாற்றமோ வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். வினிகர் வாடை மட்டும் என்றால் சாலட்டுக்கு ஆகும்.

நவம்பர் முதல் வாரம் தொடங்கினால் டிசம்பர் நடுவில் குமிழி நின்று, அடியில் வண்டல் படிந்திருக்கும். வண்டலைக் கலக்காமல் தெளிவை மட்டும் பாட்டிலில் இறுத்து, குளிர்பெட்டியில் வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு அது கொஞ்சம் பச்சையாகத்தான் இருக்கும். ஒரு பாட்டிலையாவது ஒளித்து வைத்து, ஈஸ்டர் அன்று திறந்து பாருங்கள்.