நாசிக் ஒயின்: வரி குறைந்தால் திராட்சை விவசாயிக்கு ஏன் கவலை?

மகாராஷ்டிராவின் நாசிக், திராட்சைக்குப் பேர்போன ஊர். அங்கே ராஜீவ் சமந்த் தொடங்கிய சுலா நிறுவனம் 2000-ல் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் 'செனின் பிளாங்க்' என்ற வெள்ளை ஒயின் இந்தியக் காரச் சாப்பாட்டுக்கு நல்லாவே பொருந்தும். சிவப்பு ஒயினின் துவர்ப்பு மிளகாய்க் காரத்தைத் தூக்கிக் காட்டும்; செனினின் லேசான இனிப்பு அதை அடக்கும்.

ஆனால் இந்தத் தொழிலை இதுவரை காப்பாற்றியது ருசி மட்டுமல்ல; வெளிநாட்டு ஒயினுக்கு இருந்த 150% இறக்குமதி வரியும்தான். 2022 டிசம்பர் 29-ல் அமலான ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் அதைத் தளர்த்தியது. பாட்டில் விலை 5 டாலருக்கு மேல் என்றால் வரி அப்போது 100% ஆனது. 10 ஆண்டுகளில் 50% ஆகும். 15 டாலரைத் தாண்டினால் அப்போது 75% ஆனது. அது படிப்படியாக 25% ஆகும்.

சரி, இதில் விவசாயிக்கு என்ன?

ஒயின் திராட்சை சிறுசு. விதையும் தடித்த தோலும் கொண்டது. சாப்பிடுறதுக்கு அதைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டாங்க. ஒயின் ஆலை வாங்கலைன்னா வேறு வழியில்லை. நட்ட கொடி பலன் தரவே ஏறக்குறைய மூணு வருஷம் ஆகும் என்பதால், சட்டென்று வேறு ரகத்துக்கும் மாற முடியாது. இறக்குமதி ஒயினின் விலை இறங்கினால், முதல் அடி விழுவது தோட்டத்தில்தான்.