மாண்டார் மீது பழியா?

வாய் திறவாதவன் மீது குற்றம் சாட்டுவது எளிது. மாண்டவன் மீது சாட்டுவதோ அதனினும் எளிது. அவன் மறுத்துரைக்க மாட்டான். சான்று காட்ட மாட்டான். மேல்முறையீடு செய்ய மாட்டான். ஆகவேதான், இறந்தவனைக் குற்றவாளி என்று எழுதப் புகும் கை, உயிரோடிருப்பவனைக் குற்றவாளி என்று எழுதும் கையினும் பன்மடங்கு தயங்க வேண்டும் என்கிறேன். அவ்வாறு தயங்காத கைகள் பிரிட்டனில் இழைத்த அநீதி ஒன்றைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நலம்.

சினூக் என்பது படைத்துறையின் சுமைதூக்கி ஹெலிகாப்டர். 1961ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது. இன்றும் பல நாட்டுப் படைகளில் உழைத்து வருகிறது. பிற ஹெலிகாப்டர்கள் பெரும்பாலானவற்றிற்குத் தலைமேல் ஒரு பெருஞ்சுழலியும் வாலில் ஒரு சிறு சுழலியும் உண்டு. வாற்சுழலி இல்லையேல் உடல் எதிர்த்திசையில் சுற்றத் தொடங்கிவிடும். சினூக்கிற்கோ முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு பெருஞ்சுழலிகள். அவை எதிரெதிர்த் திசையில் சுழல்வதால், ஒன்றின் திருப்பு விசையை மற்றொன்று ஈடு செய்கிறது. வாலுக்கென்று ஆற்றலைச் செலவிட வேண்டியதில்லை. அது சுமை தூக்கவே பயன்படுகிறது. ஒரு சுழலியின் வட்டத்துள் மற்றதன் இறகுகள் புகுந்து புறப்படுகின்றன. அவை மோதாதபடி நீண்டதொரு தண்டு இரண்டையும் பிணைத்து வைத்திருக்கிறது. முன்னே விமானிகள் இருவர். பின்னே சுமையையும் பயணிகளையும் கவனித்து, விமானிகள் காண இயலாத பக்கங்களுக்குக் கண்ணாக விளங்கும் பணியாளர்கள். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பியே அவர்கள் பறக்கிறார்கள்.

இவ்வூர்தி நமக்கு அந்நியமானதன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அச்சே மாநிலத்தின் மேற்குக் கரையைச் சிதைத்தபோது, சாலைத் தொடர்பற்றுக் கிடந்த மெலாபோவுக்கு உதவி சுமந்து சென்றவற்றுள் சிங்கப்பூர் ஆகாயப்படையின் சினூக்குகளும் இருந்தன.

இனி அந்த நிகழ்ச்சிக்கு வருவோம். 1994 ஜூன் 2ஆம் நாள் மாலை, பிரிட்டிஷ் அரச ஆகாயப்படையின் சினூக் ஒன்று வட அயர்லாந்தின் ஆல்டர்குரோவ் தளத்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நோக்கிப் புறப்பட்டது. வட அயர்லாந்துப் பாதுகாப்பில் ஈடுபட்டிருந்த உளவுத்துறை வல்லுநர் 25 பேர் அதில் பயணம் செய்தனர், பணியாளர் நால்வர். 20 மணித்துளிகள் நிறைவதற்குள், மூடுபனி கவிந்திருந்த மல் ஆஃப் கிண்டயர் மலைச்சரிவில் அது மோதிற்று. 29 பேரும் மாண்டனர். விமானியறை உரையாடலைப் பதியும் கருவியோ, பறப்பு விவரங்களைப் பதியும் கருவியோ அதில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. கண்ட பயணியும் இல்லை. கேட்ட கருவியும் இல்லை. இறுதிக் கணங்களில் நடந்தது என்னவென்று எவரும் அறியார்.

அறியார் என்றால் அறியார் என்று எழுதுவதுதானே முறை? விபத்தை ஆராய்ந்த மூவர் குழு விமானிகள் கவனக்குறைவாக நடந்தனர் என்று தீர்ப்புரைக்கவில்லை. ஆனால், அக்குழுவின் அறிக்கையை மேலாய்வு செய்த உயரதிகாரிகளாகிய வில்லியம் ராட்டனும் ஜான் டேயும், 1995இல், விமானிகள் ஜோனதன் டாப்பர், ரிச்சர்ட் குக் ஆகிய இருவர் மீதும் பெருங்கவனக்குறைவு என்னும் பழியைச் சுமத்தினர். எள்ளளவும் ஐயமில்லாத நிலையிலன்றி இறந்த விமானியைக் குற்றவாளி எனக் கொள்ளலாகாது என்பது அப்படையின் சொந்த விதி. விதியை வகுத்தவர்களே விதியை மறந்தனர்!

ஐயத்திற்கு இடம் இருந்ததா? ஏராளமாக இருந்தது. விழுந்தது புதிதாக மாற்றியமைக்கப்பட்ட வகை. அதன் பொறிகளுக்கு எரிபொருளை அளந்துவிடும் பொறுப்பு கணினியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அக்கணினிக்குரிய நிரலை ஆராய்ந்த வல்லுநர்கள், அதில் 18 விழுக்காட்டைப் பார்ப்பதற்குள் 486 முரண்பாடுகளைக் கண்டு, ஆய்வையே நிறுத்திவிட்டனர். பாஸ்கம் டவுன் சோதனைத் தளத்தினர் விபத்துக்கு முந்திய நாள்தான் இவ்வகை ஊர்தியின் சோதனைப் பறப்பை நிறுத்தி வைத்தனர். சோதிப்போர் ஏற மறுத்த ஊர்தியில் சுமப்போர் ஏற்றப்பட்டனர் என்பதே இதன் பொருள்.

பொறிதான் விபத்துக்குக் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. அதற்கும் சான்று இல்லை. விமானிகளைப் பழிக்கச் சான்று எத்துணை வேண்டுமோ, பொறியைப் பழிக்கவும் அத்துணை வேண்டும்.

பழி சுமத்தியோரின் வாதம் இது: "மூடுபனியால் மறைந்திருந்த மலையை நோக்கித் தாழ்வாகவும் விரைவாகவும் பறந்ததே தவறு, அதன்பின் என்ன நேர்ந்திருந்தால் என்ன?" கேட்பதற்கு நேரியதாகத் தோன்றும் இவ்வாதத்தின் உள்ளே ஓர் ஓட்டை உண்டு. விமானிகள் தம் விருப்பத்தால் அவ்வழி சென்றனரா, திரும்ப முயன்றும் ஊர்தி பணியாமற் போயிற்றா என்பதுதானே வினா? விடை தெரியாத அவ்வினாவையே விடையாக வைத்து வாதம் கட்டுவது எவ்வகை அளவை நூல்? நம் மாணவன் இப்படிக் கணக்குச் செய்தால் சிவப்பு மை கொண்டு அடித்துவிட மாட்டோமா?

1996இல் ஸ்காட்லாந்து நீதிபதி ஸ்டீபன் யங், விபத்தின் காரணம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றார். 2002இல் பிரபுக்கள் சபையின் தனிக்குழு, அப்பழி நியாயமற்றது என ஒருமனதாகக் கூறிற்று. ஆனாலும் பாதுகாப்பு அமைச்சு அசையவில்லை. விமானிகளின் தந்தையர் ஓயாது போராடினர். இறுதியில் பிலிப் பிரபுவின் ஆய்வு 2011 ஜூலையில் பழியை நீக்கியது. பாதுகாப்பு அமைச்சர் லியம் ஃபாக்ஸ் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். இரண்டு அதிகாரிகள் எழுதியதை அழிக்க 16 ஆண்டுகள்! அத்துடனும் முடியவில்லை. இவ்விபத்தைச் சார்ந்த சில ஆவணங்கள் 2094 வரை மூடிவைக்கப்பட்டுள்ளமை கண்டு, மாண்டோரின் குடும்பத்தார் 2025இல் பொது விசாரணை கோரிக் குரல் எழுப்பினர்.

சிலப்பதிகாரம் கற்பிக்கும் நமக்கு இது புதிய கதையா? பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல், கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும், தன் தவற்றை உணர்ந்த அக்கணமே உயிர்நீத்தான். கள்வன் என்று தன்னைத் தானே கூறிக்கொள்ளும் நாணம் அவனிடம் இருந்தது. நம் காலத்து அதிகாரத்திடம் இல்லாததும் அந்த நாணமே.

ஆசிரியப் பெருமக்களே! தொலைதூரத்து மலைச்சரிவில் நடந்ததைச் சொல்லிவிட்டு நம் பள்ளியைப் பாராதிருத்தல் தகாது. வகுப்பறையில் பொருளொன்று காணாமற் போனால், அன்று பள்ளிக்கு வராத மாணவன் பெயர்தான் முதலில் எழுகிறது. தேர்வில் தோற்றவனை மந்தம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பாடநூல் பொருந்தியதா, கற்பித்த முறை பொருந்தியதா, அவன் காலையில் உண்டு வந்தானா என்று கேளாமல் ஏட்டை மூடிவிடுகிறோம். ஊர்தியை ஆராயாமல் விமானியைப் பழித்தவர்களுக்கும் நமக்கும் அப்போது வேறுபாடு என்ன? ஒரு சொல்லில் எழுதப்படும் அப்பழி அந்தச் சிறுவனை இடைநிலைப் பள்ளி வரை தொடர்கிறது. அவனுக்காக 16 ஆண்டுகள் வாதாடும் வலிமை எத்தனை தோட்டத் தொழிலாளத் தந்தையர்க்கு உண்டு?

மாணவர்களே! தெரியாததைத் தெரியாது என்று சொல்வது இழுக்கன்று. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி ஒருவன் பெயரைக் கெடுப்பதே இழுக்கு. நாளை நீங்கள் அதிகாரியாகலாம், நீதிபதியாகலாம், ஆசிரியராகலாம். எவரேனும் ஒருவரைக் குற்றவாளி என்று எழுத எழுதுகோலை எடுக்கும்போது, ஐயம் தீர்ந்ததா என்று ஒருமுறை கேளுங்கள். தீரவில்லையெனில் எழுதாதீர்கள். அவர் இறந்தவரெனில், மறுமுறையும் கேளுங்கள்.