மாமன் மடிக்கு ஆள் வேண்டும்
முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து, பலூன் கட்டி, கேக் வெட்டுவதில் தவறில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் கலைகிற கூட்டத்தில் குழந்தைக்கு உறவு பிடிபடாது. தமிழ்நாட்டில் 1992-93இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.5 ஆக இருந்த பிள்ளைப்பேறு, 2019-21இல் 1.8 ஆகிவிட்டது என்கின்றன தேசிய குடும்பநல ஆய்வுகள். ஒற்றைப் பிள்ளைகள் இருவர் மணந்தால் அவர்கள் குழந்தைக்குக் கூடப்பிறந்த தாய்மாமனும் இல்லை, அத்தையும் இல்லை. யார் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது? அதனால்தான் பெரியப்பா, சித்தி, ஒன்றுவிட்ட மாமன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் சில நாள் தங்குகிற பிறந்தநாள் வேண்டும் என்கிறேன். ஒரே பாயில் உருண்டு, ஒரு பொம்மைக்கு ஐந்து பேர் அடித்துக்கொண்டு, பாட்டி உருட்டித் தரும் சோற்றுக்குக் கை நீட்டும்போதுதான் விட்டுக்கொடுப்பதும் உரிமை கேட்பதும் பழகும். பெரிய குடும்பம் என்றால் மருமகள்கள் அடுப்படியில் வெந்த கதைதானே என்பார்கள். உண்மைதான், அந்த வேதனையை மறைத்துக் கூட்டுக்குடும்பத்தைப் புகழ்வது அநியாயம். ஆனால் அது ஆண்கள் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காததால் வந்த வினை, வீட்டில் ஆள் நிறைந்திருந்ததால் அல்ல. கேசரி கிளறவும் பாத்திரம் தேய்க்கவும் சித்தப்பாக்கள் இறங்கட்டும். ஊரில் பாட்டி வீடு இன்னும் இருக்கிறவர்கள், மண்டபத்து முன்பணத்தைப் பேருந்துக் கட்டணமாக்கிக் கொள்ளலாம்.