லேபிளும் வேலியும்

சென்ற மாதம் நண்பர்கள் கூடியிருந்த ஓர் அறையில் ஒரு கவிஞர் மிகுந்த துக்கத்துடன் சொன்னார்: பெரிய ஃபாஷன் பெயர்களுக்கெல்லாம் இப்போது எக்ஸ்க்ளூசிவிட்டி போய்விட்டதாம். லூயி வித்தோன் பையை அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவள்கூட மாட்டிக்கொண்டிருக்கிறாள். அசலோ போலியோ, பார்க்கச் சகிக்கவில்லை என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அந்த மௌனம் உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர்க்காரன். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டைக்குள் தினமும் காலையில் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கும் பெண்களைப் பார்த்து வருகிறவன். வெளிநாட்டுப் பெயர்களுக்குச் சட்டை தைப்பவர்கள் அவர்களில் உண்டு. ஒருத்தி காலர் மட்டும் தைப்பாள். ஒருத்தி நாள் முழுக்கப் பட்டன் துளை. லேபிள் வைப்பதும் ஒருத்தியின் கைவேலைதான். ஏற்றுமதியில் கழிந்த சட்டை, லேபிள் கத்தரிக்கப்பட்டு நடைபாதைக்கு வருகிறது. துணி அதே, தையல் அதே. இப்போது நான் போட்டிருப்பது அப்படி ஒன்று. நண்பர் துக்கப்படும் சமாசாரம் கத்தரித்துப் போட்ட அந்த ஓர் அங்குலத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

தாம் பேசுவது சாதாரணச் சட்டையைப் பற்றியல்ல, பாரீஸ், மிலான் கைவினைஞர்களின் மேன்மையைப் பற்றி என்று அவர் சொல்லக்கூடும். சரி, அங்கேயே போவோம். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் தியோரின் இத்தாலிய உற்பத்திக் கிளை ஒன்றைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. விசாரணையில் வெளிவந்த கணக்கு இது: சுமார் 2,600 யூரோவுக்குக் கடையில் விற்கும் ஒரு கைப்பைக்கு, தோல் முதலிய மூலப்பொருட்கள் நீங்கலாக, ஒப்பந்தப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. தொழிலாளர்கள் பட்டறையிலேயே படுத்துறங்கினார்கள். மேன்மை எந்தக் கையிலிருந்து வந்தது என்று நண்பர் விசாரிக்கட்டும்.

பெயர் மலிந்ததற்கும் பஸ் நிறுத்தத்துப் பெண் பொறுப்பல்ல. பியர் கார்தன் நூற்றுக்கணக்கான சரக்குகளுக்குத் தம் பெயரை உரிமம் கொடுத்து விற்றார். அப்படி மலிந்துவிடக் கூடாதென்று எதிர்த்திசையில் போன பர்பரி, 2018-ல் முடிந்த நிதியாண்டில் விற்காத சரக்கைச் சுமார் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புக்கு அழித்தது. கண்டனம் எழுந்த பிறகே அந்த வழக்கத்தைக் கைவிட்டது. குறைந்த விலைக்குக் கொடுத்தால் தகாதவர்கள் உடுத்திவிடுவார்கள் என்ற பயம், நல்ல துணியை நெருப்பில் போடுமளவுக்கு முற்றியிருந்தது.

எக்ஸ்க்ளூசிவிட்டி என்பதைத் தனித்தன்மை என்று மொழிபெயர்த்து நாம் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். அந்தச் சொல்லின் வேரில் இருப்பது வெளியே நிறுத்துதல். நமக்கு அது தெரியாத விஷயமா? தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859-ல் திருவிதாங்கூர் அரசு சாணார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அனுமதித்தது. ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் அணியும் விதத்தில் மட்டும் கூடாது என்றது. மார்பை மூடுவதில் அரசுக்கு அப்போது ஆட்சேபம் இல்லை. பார்த்தவுடன் இன்னார் என்று தெரியாமல் போவதில்தான் ஆட்சேபம். நண்பருடைய சகியாமையும் அதுவேதான். அன்று சட்டம் செய்ததை இன்று விலைச்சீட்டு செய்கிறது. விலைச்சீட்டு தோற்கிற இடத்தில் நம் முகச்சுளிப்பு செய்கிறது.

இதை ஒரு சிறுபத்திரிகையில் ஏன் எழுத வேண்டும்? இதே அறையில், இதே தொனியில், எல்லோரும் கவிதை எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன். முந்நூறு பிரதி அச்சடிப்பது நமக்கு நேர்ந்த நிலைமை. காகித விலையும் வாசகர் இன்மையும் அதற்குக் காரணம். கொஞ்சம் கொஞ்சமாக அதையே நம் லேபிளாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம். மோசமான கவிதையை மோசம் என்று சொல்ல வேண்டும். காரணம் காட்டிச் சொல்ல வேண்டும். அது விமர்சனம். பலர் எழுதுகிறார்கள், யார் யாரோ எழுதுகிறார்கள் என்பதையே குற்றமாகச் சொல்வது விமர்சனமாகாது. வாசலில் காவல் நிற்பதாகும்.

அந்தப் பை மட்டமானதென்றால் தையல் விட்டிருக்கிறது, வார் அறுந்துவிடும் என்று நண்பர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். அவர் பையைப் பார்க்கவேயில்லை. தோளைப் பார்த்தார். அடுத்த கூட்டத்தில் இதை நேரில் சொல்வதாக இருக்கிறேன்.