ஈடான புத்தகம்

படித்து முடித்த புத்தகத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம்மிடம் வழக்கமாக மூன்று பதில்கள் உண்டு. அலமாரியில் அடுக்கலாம்; நண்பருக்கு இரவல் கொடுத்து இழக்கலாம்; எடைக்குப் போடலாம். இலக்கியத்தோடு தொடர்பே இல்லாத ஒரு பொழுதுபோக்கு நான்காவது பதில் ஒன்றை முன்வைத்திருக்கிறது. புத்தகத்தை நீர் புகாத பெட்டியில் இட்டு ஒரு மரத்தடியிலோ பாறை இடுக்கிலோ மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் இணையத்தில் அறிவித்துவிடுவது. ஜிபிஎஸ் கருவியோடு தேடி வருபவர் அதை எடுத்துக்கொண்டு, தம்முடைய புத்தகம் ஒன்றை அங்கே வைத்துவிட்டுப் போவார். ஜியோகேச்சிங் என்னும் புதையல் வேட்டையின் ஒரு கிளை இது. வெறும் விளையாட்டாகத் தோன்றும் இதில் வாசகர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு நெறி இருக்கிறது என்பது என் கருத்து.

வரலாறு எளியது. ஜிபிஎஸ் குறிப்புகளில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கருவி, சாதாரண மக்கள் கையிலும் ஏறத்தாழ இருபது மீட்டருக்குள் இடத்தைச் சுட்டத் தொடங்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை வைத்து, இருப்பிட எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் ஒளிநாடா, மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண் ஆகியவற்றோடு புத்தகங்களும் இருந்தன. வந்தவர் பெயரெழுத ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தன. எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வைத்துவிட்டுப் போ என்பது நிபந்தனை. ஆக, இவ்விளையாட்டின் முதல் பெட்டியிலேயே புத்தகத்துக்கு இடம் இருந்திருக்கிறது.

பிற்பாடு அந்த நிபந்தனை சற்றுக் கடுமையாயிற்று. எடுத்ததற்கு ஈடானதையோ அதனினும் மேலானதையோ வைக்க வேண்டும் என்பது ஆட்டக்காரர்களின் பொது வழக்கமாக நிலைபெற்றது. பொம்மைக்கும் சாவிக்கொத்துக்கும் இதைப் பின்பற்றுவது எளிது. புத்தகத்துக்கு எப்படி ஈடு காண்பது? விலையை அளவாகக் கொள்ள முடியாது. பின்னட்டை கிழிந்த மலிவுப் பதிப்பில் ஒரு பெருநாவல் இருக்கும். வழவழப்பான கெட்டி அட்டைக்குள் ஒன்றும் இராது. எனவே பெட்டியைத் திறப்பவர், தாம் எடுப்பதும் தருவதும் எவ்வகையில் சமம் என்று தமக்குத் தாமே தீர்ப்புக் கூறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்பார் யாருமில்லை, காவலும் இல்லை. இது ஒரு திறனாய்வுச் செயல் அன்றி வேறென்ன? வகுப்பறையில் இலக்கிய மதிப்பீடு பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அங்கே மதிப்பெண்ணுக்காகத்தான் மதிப்பிடுகிறார்கள். இங்கே நேர்மை ஒன்றே காரணம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் பொருட்படுத்தத்தக்கவை. முதலாவது, ஈரம். ரப்பர் விளிம்பு பொருத்திய பழைய ராணுவத் தோட்டாப் பெட்டிகளை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலும் இடுகிறார்கள். ஆனாலும் ஒருவர் மூடியைச் சரியாக அழுத்தாமல் போனால், அடுத்த மழையில் எல்லாம் கூழாகிவிடும். இரண்டாவது, இடம். பெட்டிகளை அளவுவாரியாக வகைப்படுத்துகிறார்கள். நூறு மில்லிலிட்டருக்கும் குறைவானவை 'மைக்ரோ'. பழைய புகைப்படச் சுருள் டப்பா அவ்வகை. சுருட்டிய காகிதத்துக்கு மேல் அதில் எதுவும் நுழையாது. ஒரு சாதாரண நாவலுக்கே ஒரு லிட்டருக்கு மேற்பட்ட பெட்டி தேவை. நகரங்களில் எளிதில் மறைக்கக்கூடியவை சிறு டப்பாக்களே என்பதால், அங்கே பெயரெழுதிவிட்டுப் போவதே ஆட்டமாகிவிடுகிறது; பரிமாற்றம் மறைகிறது. மூன்றாவதுதான் கடுமையானது: மனிதர் தமக்கு வேண்டாததைத்தான் வைப்பார்கள் என்பது.

இந்த மூன்றாவது மறுப்பை உண்மை என்று ஏற்றுக்கொண்டே பேசுகிறேன். பழைய கையேடு, காலாவதியான பயணநூல், யாரும் இரண்டாம் முறை திறக்காத பரபரப்பு நாவல் என்று பெட்டிகள் நாளடைவில் தரம் இறங்குவது நடக்கத்தான் செய்கிறது. இதற்குக் காரணம், இப்பரிமாற்றத்தை 'பயனற்றதைப் பயனுள்ளதாக்குதல்' என்று நாம் புகழ்வதுதான். வீட்டில் இடத்தை அடைப்பதைக் கொண்டுபோய்க் காட்டில் வைப்பது பரிமாற்றமல்ல, இடமாற்றம். ஒருவர் இரண்டு மைல் நடந்து, முட்செடியை விலக்கி, மண்டியிட்டு ஒரு பெட்டியைத் திறக்கப்போகிறார். அந்த உழைப்புக்கு ஈடான புத்தகமா இது என்பதே வைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. பிரிய மனம் சற்றேனும் தயங்குகிற புத்தகமே அங்கே வைக்கத்தக்கது.

2001இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட புக்கிராசிங் இயக்கத்தை இங்கே ஒப்பிடலாம். அதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் எண். கண்டெடுத்தவர் அதைப் பதிவு செய்தால், கொடுத்தவர் தம் புத்தகத்தின் பயணத்தைத் தொடர்ந்து அறியலாம். புதையல் பெட்டிகளிலும் இத்தகைய எண்ணிட்ட புத்தகங்களை வைப்பவர்கள் உண்டு. அழகான ஏற்பாடுதான். ஆனால் பல புத்தகங்களைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் வருவதில்லை. அதில் மனம் நோகிறவர்கள் கொடுத்ததை இன்னும் கொடுக்கவில்லை என்றே சொல்வேன். யார் படித்தார், எப்படிப் படித்தார் என்று அறியாமலிருக்கச் சம்மதிப்பதும் கொடையின் ஒரு பகுதி. எழுதியவருக்கே தம் வாசகர்களுள் பெரும்பாலோரைத் தெரியாது. கைமாற்றிவிடுபவருக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?

எடுப்பவர் பக்கமும் ஒன்று உண்டு. நாம் முன்பு விரும்பியதைப் போன்றதையே இன்று இணையக் கடைகள் நமக்குப் பரிந்துரைக்கின்றன. சிற்றிதழ் வட்டங்களும் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன. பெட்டி நம்மை அறியாது. நாம் ஒருபோதும் தேர்ந்தெடுக்காத ஒரு நூலை, வேறொருவரின் ரசனையை மட்டும் சாட்சியாகக் கொண்டு, அது நம் கையில் வைக்கிறது. ஏமாற்றம் நேரலாம். ஆனால் ஒரு வாசகரின் எல்லை விரிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட தற்செயல்களில்தான்.

நூலகத்துக்கு இது மாற்றாகாது. ஆக வேண்டியதும் இல்லை. நூலகத்தில் நமக்காகத் தேர்ந்து வைக்க ஒருவர் இருக்கிறார். இந்தப் பெட்டியில் அந்தப் பொறுப்பு கடைசியாக அதைத் திறந்தவருடையது. அவர் குப்பையை வைத்தால் அது குப்பைப் பெட்டி; நல்ல நூலை வைத்தால் அடுத்தவர் வரும்வரை அது ஒரு நூலகம்.