வேலியோரம் கேட்ட குரல்



"பெட்டைக்குப் போன் வாங்கிக் குடுத்தால் கெட்டுப்போயிடும்" என்று எங்களில் பலர் சொல்வதுண்டு. நானும் அப்படிச் சொன்னவள்தான்.

1990இல் வேலணையை விட்டு இடம்பெயர்ந்தபோது எனது படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. 2009இல் கணவரையும் இழந்தேன். பனையோலைப் பெட்டி இழைத்து வளர்த்த மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். ஆனால் ஆங்கில வகுப்பென்றால் அவளுக்கு நடுக்கம். "பிழையாய்க் கதைச்சால் சிரிப்பினம் அம்மா" என்பாள். மாணவர் நிறைந்த வகுப்பில் ஒருவருக்குப் பேச ஒரு நிமிடம் கிடைப்பதே அரிது. அதையும் அவள் மற்றவர்களுக்கு விட்டுவிடுவாள்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. வகுப்புகள் 'சூம்' வழியாகக் கைத்தொலைபேசிக்கு வந்தன. எங்கள் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. நெடுந்தீவிலிருந்த அவளது தோழியின் குரல் பாதியில் அறுந்துவிடும். அதனால் விரிவுரையாளர் 'வட்ஸ்அப்'பில் ஐந்தைந்து பேராகக் குழு அமைத்தார். ஒருவர் ஒரு நிமிடம் பேசிக் குரற்பதிவு அனுப்பவேண்டும். மற்ற நால்வரும் அதைக் கேட்டு ஒவ்வொரு கேள்வி கேட்கவேண்டும். சிக்னல் வரும் நேரத்தில் அனுப்பினால் போதும்.

ஓரிரவு வேலியோரம் நின்று மகள் போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். யாரோ பெடியனோடு என்று நினைத்து ஏசிப் பறித்துவிட்டேன். அவள் அழுதபடி அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாள். 'அம்மா', 'பெட்டி' என்ற இரு சொற்கள்தான் எனக்கு விளங்கின. ஊர்க் கைத்தொழில் ஒன்றைப் பற்றிப் பேசும் பயிற்சியாம். ஏழு தரம் அழித்து, எட்டாம் தரம் என்னைப் பற்றிப் பிழையில்லாமல் பேசியிருக்கிறாள்.

"ஓலைக்கு எப்படிச் சாயம் போடுவது?" என்று நெடுந்தீவுத் தோழி கேட்டிருந்தாள். மகளுக்குத் தெரியவில்லை. குருத்தோலையைக் காயவிட்டு, வார்ந்து, சாயம் கரைத்த கொதிநீரில் அவிப்பதை நான் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். எட்டாம் வகுப்போடு நின்றவளின் அறிவும் அன்று பல்கலைக்கழகம் போனது.

தனியே பிழைவிட்டுத் திருத்திப் பழகியதால் அவளுக்குக் கூச்சம் குறைந்தது. பல்கலைக்கழகம் மீண்டும் திறந்தபின் வகுப்பில் எழுந்து தானே கேள்வி கேட்டாளாம்.

சகோதரிகளே, போனைப் பறிக்கமுன் பிள்ளையின் பக்கத்தில் இருந்து கேளுங்கள். காணொளியை விடக் குரற்பதிவுக்கு டேற்றா மிகக் குறைவு. ரீலோட் காசும் மிஞ்சும். குரலும் தொலைபேசி இலக்கமும் வகுப்புக் குழுவுக்கு வெளியே போகாமல் கவனமாயிருக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

அன்று பறித்த கையால்தான் இன்று நான் அவளுக்கு ரீலோட் போட்டுக்கொடுக்கிறேன்.