ஒத்திசைவு காப்பாகாது
ஓலைச்சுவடிகளை மின்னுருவாக்கி, காப்புச் சேவையகத்துடன் ஒத்திசைத்துவிட்டால் பாதுகாப்பு நிறைவுறும் எனும் கருத்து ஆய்வுலகில் நிலவுகிறது. இது மறுபரிசீலனைக்குரியது. முதன்மைச் சேவையகத்தில் தவறுதலாக அழிக்கப்படும் கோப்பு, முழு ஒத்திசைவில் காப்பிலும் அழியும். சிதைந்த கோப்பு நல்ல படியின்மேல் எழுதப்படும். ரெய்டு அமைப்பு வன்தட்டுப் பழுதைத் தாங்குமேயன்றி மனிதப் பிழையைத் தாங்காது.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். அவை வெவ்வேறிடங்களில் தனித்தனியே நிலைத்திருந்தமையாலேயே அவ்வொப்பீடு இயன்றது. மின்படிகளுக்கும் இத்தனித்தன்மை வேண்டும். எனவே, நாள்வாரிப் பழைய படிகளைப் பேணுதல், ஒரு படியை வேற்றூரில் வைத்தல், சரிபார்ப்பு எண்களால் கோப்புகளை ஒப்பிடுதல், வன்தட்டுகளின் ஸ்மார்ட் அறிக்கையைக் கண்காணித்தல், அவ்வப்போது மீட்டெடுத்துச் சோதித்தல் ஆகியவற்றைச் சுவடிப் பாதுகாப்பின் கூறுகளாகவே தமிழ்த்துறைகள் கொள்ளுதல் தகும்.